ஷெல் காயம் அல்ல, மகன்

மகன், நீ சுகமா, சாப்பாடு எப்படி, வெள்ளவத்தையில் மழையா என்று கேட்டுத் தொடங்க இந்த முறை கை வரவில்லை. தொலைபேசியில் கதைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் விஷயத்துக்கு வருவதற்குள் "அம்மா, வேலையில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்று நீ வைத்துவிடுவாய். வைக்காவிட்டாலும் நான் அழுது கெடுத்துவிடுவேன். கடிதம் என்றால் நீ குறுக்கே கதைக்க முடியாது. தை மாதம் உனக்குக் கலியாணம். அதற்கு முன் நான் உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. நீ இன்னொருத்தியிடம் சொல்லவேண்டியதும் ஒன்று இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை சுகன்யாவின் அம்மா இங்கே வந்தார். உப்புவெளியிலிருந்து எங்கள் தெருவுக்கு வருவது இந்த நாட்களில் சின்ன வேலை இல்லை. சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, திரும்ப ஏறி, வெயிலில் நடந்து வந்திருந்தார். கதிரையைக் காற்றாடிக்குக் கீழே இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். கூறைச்சேலை என்ன நிறம், ஊரடங்கு போட்டால் மண்டபத்தை எத்தனை மணிக்கு விடவேண்டும் என்று கதைத்துக்கொண்டிருந்தோம். சம்பந்தியாக வரப்போகிறவர் இவ்வளவு இலகுவாகப் பழகுகிறாரே என்று எனக்கு மனம் நிறைந்துதான் இருந்தது. அப்போது அவர் என் கையைப் பிடித்து முழங்கைப் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. உன்னைத்தான் தம்பி என்றார்.

"தம்பி எல்லாம் சொன்னவர் அக்கா. தொண்ணூறில ஷெல் விழுந்து எரிஞ்சதாம். தம்பியை இழுத்துக்கொண்டு ஓடேக்கதானாம் உங்களுக்கு இப்பிடி வந்தது. இதில வெக்கப்பட என்ன இருக்கு? ஆனா படம் எடுக்கேக்க சனம் கேள்வி கேக்கும், அம்மாவுக்கு அது கஷ்டமா இருக்கும் எண்டு தம்பிதான் நீட்டுக் கைச் சட்டை தைக்கச் சொன்னவர். நான் துணி கொண்டந்திருக்கிறன்."

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றேன். அவர் போனபிறகு அந்தத் துணியை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். மத்தியானத்துக்கு அரிசி போடவேண்டும் என்ற நினைவே இல்லை. அம்மாவின் தோல் அசிங்கமாக இருக்கிறது, மூடிக்கொள்ளுங்கள் என்று நீ நேரே என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நொந்திருக்கும். ஆனாலும் அது என் பிள்ளைக்கும் எனக்கும் இடையிலே நடந்த ஒன்றாக இருந்திருக்கும். நீ செய்தது வேறு. எனக்கு நடந்ததை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பார்வைக்கு நல்லதாக ஒன்றை வைத்தாய். அதுவும் என்னைக் கேட்காமல். நான் இருபது வீடு ஏறி இறங்கி, "இது தொத்தாது, இது பெருவியாதி இல்லை, குஷ்டம் இல்லை" என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்து வாழ்ந்தவள். கடைசியில் என் சொந்த மகன் வாயிலேயே என் தோல் வருத்தத்துக்குப் பெயர் இல்லாமல் போய்விட்டது.

உனக்குத் தெரியாது என்று சொல்ல ஏலாது. நீ அப்போது பத்து வயதுப் பிள்ளை, எல்லாம் கண்ணால் பார்த்தாய். இருந்தாலும் திரும்ப எழுதுகிறேன், நீ மறந்தவன்போல நடக்கிறபடியால்.

தொண்ணூறில் நாங்கள் வீட்டை விட்டு ஓடிப் பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தோம். ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பம், இடையில் சேலைகளைக் கட்டி மறைத்திருந்தோம். எங்கள் சேலைக்கு அந்தப் பக்கம் உன் சின்னம்மா, என் கூடப்பிறந்தவள், தன் பிள்ளைகளோடு இருந்தாள். முகாமில் பிள்ளைகளுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் பரவியது. உனக்கும் வந்தது. எச்சில் விழுங்க ஏலாமல் கிடந்தாய். கஞ்சியை வாயில் வைத்துப் பார்த்துச் சூடு ஆற்றி ஊட்டினேன், நீ குடித்து மீதி வைத்ததை நானே குடித்தேன். அங்கே ஒரு வாய் கஞ்சியைக் கொட்டுகிற நிலையா இருந்தது? நீ எழும்பி ஓடத் தொடங்க நான் படுத்துவிட்டேன். அதே தொண்டை நோ, அதே காய்ச்சல். அது மாறி இரண்டு மூன்று கிழமை இருக்கும், ஒரு நாள் கிணற்றடியில் குளிக்கும்போது வயிற்றிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்ததுபோலச் சிவப்புப் பொட்டுகள் கண்டேன். வேர்க்குரு என்று நினைத்தேன். பொட்டுகள் பெரிதாகி, வெள்ளைச் செதில் கட்டி, முழங்கையிலும் முழங்காலிலும் படையாகச் சேர்ந்துவிட்டன. விரித்த பாயைத் தட்டினால் தவிடுபோல உதிரும்.

முகாமில் சனம் பார்த்த பார்வையை நான் பொறுத்துக்கொண்டேன். அவர்கள் பயந்த சனம். எதுக்கும் பயப்படுகிற காலம் அது. ஆனால் ஒரு பின்னேரம் சேலைக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி யாருக்கோ சொல்லுவது எனக்குக் கேட்டது. "எங்கட அக்காதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா எனக்கும் குமர்ப்பிள்ளை இருக்குதெல்லோ. அது பெருவியாதிதான். அவவைச் சமையலுக்கு விடாதேங்கோ. நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ." அவள் குரலில் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. உப்புப் போதுமா என்று கேட்பதைப்போலச் சொன்னாள். அடுத்த நாள் நான் அரிசி கழுவப் போக, பெண்கள் பானையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீங்கள் களைச்சுப்போனீங்கள், ஓய்வா இருங்கோ அக்கா" என்றார்கள். நான் சோற்றுத் தட்டோடு ஒரு மூலையில் இருந்தேன். நீ உன் தட்டைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து, எல்லாரும் பார்க்க, "அம்மா, குழைச்சுத் தாங்கோ" என்றாய். ஊட்டினால் கூச்சப்படுகிற வயது உனக்கு. தட்டு முடியும் வரை என் கையால்தான் சாப்பிட்டாய். அந்தப் பிள்ளையை எனக்கு நல்ல ஞாபகம். அவன் எங்கே போனான் என்றுதான் வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியபிறகு அப்பா எனக்கு வைத்தியம் பார்க்காத இடம் இல்லை. துறைமுகத்தில் வேலை முடித்து வந்து, உடுப்பு மாற்றாமலே என் முதுகுக்குத் தார் களிம்பு பூசிவிடுவார். பாய் தலையணை எல்லாம் கறுத்துப்போய், வீடே புதிதாக ரோட்டுப் போட்டதுபோல மணக்கும். நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியார் தந்த எண்ணெயை வெயிலில் வைத்துத் தந்தார். கடல் தண்ணியும் இளவெயிலும் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நேவியிடம் பாஸ் எடுத்துக்கொண்டு சல்லிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே நேவிக்காரன் காலை எட்டு மணிக்கு முன் கரைக்கு இறங்க விடமாட்டான், எட்டு மணிக்குப் பிறகு மீன் காயவைக்கிற சனம் பார்க்கக் குளிக்க எனக்கு மனம் வராது. "இது போகுமோ?" என்று அப்பா ஒருமுறைதான் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார், அதற்குப் பிறகு கண்மூடும்வரை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தோல் டொக்டர் ஒருவர் வந்தார். கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளை, முக்காடு போட்டிருப்பா, நிதானமாகக் கதைப்பா. என் முழங்கையைக் கையுறை இல்லாமல் தொட்டுப் பார்த்த முதல் ஆள் அவதான், அப்பாவைத் தவிர. "இது வர முன்னம் தொண்டை நோ இருந்ததா அம்மா?" என்றா. நான் திகைத்துப் போனேன். தொண்டைக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்? முகாமில் நடந்ததைச் சொன்னேன்.

"சிலபேருக்கு அப்பிடித்தான் தொடங்கிறது" என்றா. "அந்தத் தொண்டைக் கிருமி ஒரு நஞ்சு விடும். வழமையா ஒரு கிருமி உள்ளுக்க வந்தா, அதைத் தெரிஞ்ச கொஞ்ச அணுக்கள்தான் ரத்தத்தில எழும்பிச் சண்டைக்குப் போகும். இந்த நஞ்சு அப்பிடிப் பாக்காது. தெரிஞ்சது தெரியாதது எல்லாத்தையும் ஒரேயடியா உசுப்பி விட்டிடும். அதுகள் தோலுக்குள்ள போய் இறங்குது. அந்தக் கிருமியில இருக்கிற ஒரு துண்டும் எங்கட தோலில இருக்கிற ஒரு துண்டும் ஒரே சாடையா இருக்குமாம். அதால தோலையே கிருமி எண்டு நினைச்சு அடிக்குதுகள். அடி வாங்கின தோல் அவசர அவசரமா வளருது. ஒரு மாசத்தில உதிரவேண்டியது சில நாளிலயே உதிருது. அதுதான் இந்தச் செதில்."

"காய்ச்சல் மாறி இவ்வளவு காலமாச்சே, கிருமியும் செத்திருக்கும்தானே. பிறகேன் அடிக்குது?" என்று கேட்டார் அப்பா.

"சிலபேருக்கு நிண்டிடும் ஐயா. சிலபேருக்கு நிக்காது. ஏனெண்டு எங்களுக்கும் முழுக்கத் தெரியாது, நாங்கள் இப்பிடித்தான் நினைக்கிறம். பரம்பரையா ரத்தத்தில அதுக்கு ஒரு வழி முதலே இருந்திருக்கவேணும். அந்த முகாமில எத்தினை பேருக்குத் தொண்டை நோ வந்தது? இவவுக்குத்தானே இப்பிடி ஆனது. முகாமில மலேரியாக் குளிசை தந்தவையோ? அதுவும் இதைக் கூட்டியிருக்கலாம். ஆனா ஒண்டு அம்மா, தொண்டை நோ தொத்தும். இது தொத்தாது. யார் வந்து சொன்னாலும் இது தொத்தாது."

பிள்ளைக்கும் வருமா என்று கேட்டேன். "வரலாம், வராமலும் விடலாம். தொண்டை நோ வந்தா மட்டும் சும்மா விடாதேங்கோ" என்றா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் காதுக்குள் சொன்னார்: "அப்ப உன்ர ஆக்களே உனக்கு அடிச்சிருக்கினம்." சொல்லிவிட்டு யாருக்கும் கேட்டுவிட்டதோ என்று முன்னும் பின்னும் பார்த்தார். அந்த வருஷங்களில் அப்படி ஒரு வசனத்தை எந்த அர்த்தத்திலும் சத்தமாகச் சொல்ல ஏலாது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆமிக்குப் பயந்தோம், இயக்கப் பெடியளுக்குப் பயந்தோம், காட்டுக்குள் யானைக்கும் பாம்புக்கும் பயந்தோம். என்னை அடித்ததோ என்னைக் காக்கவென்று எனக்குள்ளேயே இருந்த ஒன்று. எதிரி அடித்தால் நோகும். நம்பியிருந்தது அடித்தால், நோவோடு ஒரு வெட்கமும் சேர்ந்து வருகிறது. நான்தான் ஏதோ பிழையான ஆளோ என்று. தங்கச்சி சேலைக்கு அப்பால் கதைத்த அன்றும் எனக்கு அதே வெட்கம்தான் வந்தது. போன வெள்ளிக்கிழமையும் வந்தது.

டொக்டர் சொன்னதை அன்றைக்கே உனக்கும் சொன்னேன். நீ பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாய், விளங்கிக்கொண்டாய். "அப்ப என்னட்ட இருந்துதானோ அம்மா வந்தது?" என்று கேட்டுச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தாய். "காய்ச்சல் உன்னட்ட இருந்து வந்தது. இது என்ர ரத்தத்தில இருந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பாத" என்று சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அந்தக் கஞ்சியைத் திரும்பத் தந்தாலும் குடிப்பேன். இதை உனக்குக் குற்ற உணர்ச்சி வரட்டும் என்று எழுதவில்லை. உண்மை உனக்கு முழுதாகத் தெரியும் என்பதற்காக எழுதுகிறேன். தெரிந்துகொண்டுதான் ஷெல் என்று சொன்னாய்.

ஏன் சொன்னாய் என்றும் எனக்குத் தெரியும், மகன். போனமுறை நீ வந்து நின்றபோது கறுத்தச் சேர்ட்டின் தோளில் வெள்ளையாக உதிர்ந்திருந்தது. காதுக்குப் பின்னால் மயிர் தொடங்குகிற இடம் சிவந்திருந்தது. நான் கை வைக்க வர, நீ கொலரை இழுத்துவிட்டு, "பொடுகு அம்மா, கொழும்புத் தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை" என்றாய். அதற்கு முன்னர்தான் தொண்டை நோவோடு லொட்ஜில் தனியே கிடந்ததாகவும், பார்மசியில் இரண்டு குளிசை வாங்கிப் போட்டு, கொஞ்சம் சுகம் என்றவுடன் விட்டுவிட்டதாகவும் சொல்லியிருந்தாய். பதினாறு வருஷமாக இதோடு குடித்தனம் செய்கிறவளுக்குப் பொடுகு எது, இது எது என்று தெரியாதா? நீ சொல்லும்வரை பொறுப்போம் என்று இருந்தேன். நீ உன் தலையை மறைக்க, முதலில் என் கையை மறைத்தாய். தாய்க்கு இருப்பது ஷெல் காயம் என்றால், மகனுக்கு அது வராதுதானே. கணக்குச் சரி.

இனி ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு வருகிறேன். சுகன்யா தனியாக வந்தாள். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை முடித்து, வெள்ளைச் சப்பாத்தோடு அப்படியே வந்திருந்தாள். சட்டைக்கு அளவு எடுக்க என்று சொல்லித்தான் வந்தாள். அளவு நாடாவை என் கையில் வைத்தவள், அளக்காமல் செதிலைப் பார்த்தாள்.

"மாமி, கோவிக்காதேங்கோ. இது எரிகாயம் இல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"சம்பூர்ப் பக்கத்தால ஷெல்லடியில எரிஞ்சு வந்த சனம் எங்கட வாட்டில நிறைஞ்சு கிடக்குது. ஒவ்வொருத்தருக்கும் ரத்தம் எடுக்க நான்தான் போறனான். ஊசி குத்த நல்ல தோல் தேடித் தேடி எடுக்கிறனான். எரிஞ்ச தோல் இப்பிடிச் செதில் விடாது மாமி. அம்மா முந்தநாள் வந்து உங்கட கையைப் பற்றிச் சொல்லேக்கையே எனக்கு விளங்கீட்டுது."

"அம்மாவுக்குச் சொன்னீரோ?"

"இல்லை. அவ அழுதுகொண்டு ஊரெல்லாம் உங்கட வீரத்தைச் சொல்லித் திரியிறா. பாவம்." அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "சிலபேருக்கு இது தொண்டைக் கிருமியாலதானே தொடங்கிறது. தொண்டையில இருந்து எடுக்கிறதை நாங்கள் ரத்தம் கலந்த தட்டில வளர்க்கிறனாங்கள். அந்தக் கிருமி வளர்ந்தா அதைச் சுத்திவர ரத்தம் கரைஞ்சு, அந்த இடம் மட்டும் தெளிஞ்சு போயிருக்கும். பாக்க வடிவாக்கூட இருக்கும். அதைப் பாக்கேக்கெல்லாம், இது என்ன வேலையெல்லாம் செய்யுது எண்டு நினைக்கிறனான்." பிறகு நாடாவைச் சுருட்டிக்கொண்டு கேட்டாள்: "மாமி, அவருக்கும் இருக்கோ?"

"அதை நீர் அவனிட்டத்தான் கேக்கவேணும் பிள்ளை."

"கேக்கமாட்டன். இந்த வருத்தத்துக்கு எனக்குப் பயமில்லை மாமி. பயந்து ஓடுற ஆள் எண்டு என்னை நினைச்சிருக்கிறாரே, அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு. அங்க உண்மையா எரிஞ்சு கிடக்கிற சனத்தின்ர காயத்தை எடுத்து உங்களுக்குப் போட்டிருக்கிறார். அதையும் என்னால தாங்க ஏலாமல் கிடக்கு. அவரா சொல்லட்டும். தை மாசம் வரைக்கும் பாப்பன். சொல்லாட்டி, அம்மாவுக்கு நான் என்ன சொல்லவேணுமோ அதைச் சொல்லுவன்." எழும்பும்போது, "நான் கேட்டதை அவருக்குச் சொல்லாதேங்கோ" என்றாள்.

"சத்தியம் பண்ண ஏலாது பிள்ளை. அவனைப் பெத்தனான்" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஓம் என்றா, வேண்டாம் என்றா தெரியவில்லை. படலைவரை போய்த் திரும்பி, சட்டைக்குக் கை எவ்வளவு நீட்டு என்று கேட்டாள். அரைக் கை என்றேன். அப்படியே துண்டில் எழுதிக்கொண்டு போனாள்.

மகன், உன் சின்னம்மா கனடாவிலிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் எடுப்பாள். நானும் கதைப்பேன். பிள்ளைகளைக் கேட்பேன், அவள் முழங்கால் நோவைக் கேட்பேன். ஆனால் பதினாறு வருஷமாக என் மனதில் உள்ள ஒரு சொல்லையும் அவளிடம் நான் சொன்னதில்லை. உறவு அறவில்லை, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடக்கிறது. உன்னோடும் அப்படிக் கதைக்கிற ஒரு காலம் எனக்கு வேண்டாம். அதனால்தான் இவ்வளவு கோபத்தையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கலியாணத்துக்கு முன் ஆறுமா என்றும் தெரியாது. ஆறிவிட்டது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன்.

முதலில் உன் உடம்பைப் பார். தொண்டை இன்னும் கரகரக்கிறது என்றால் டொக்டரிடம் காட்டிச் சோதித்து, தருகிற மருந்தை முடியும்வரை எடு. பார்மசிக்காரன் கெதியாக மாறும் என்று தருகிற வீரியமான குளிசையை நீயாகப் போடாதே; அப்படிப் போட்டு நிறுத்தியபிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வந்ததை என் உடம்பில் நானே பார்த்திருக்கிறேன். தலையைச் சொறியாதே. நித்திரை முழிக்காதே. இது உனக்குப் போய்விடவும் கூடும், என்னோடு இருப்பதைப்போல இருந்துவிடவும் கூடும். எது என்று இப்போது யாராலும் சொல்ல ஏலாது. இருந்தாலும் வாழலாம். நான் வாழ்ந்தேன். நல்ல மனிசன் ஒருத்தரோடு வாழ்ந்தேன், அவருக்கு என் தோல் எப்படி என்று முழுக்கத் தெரிந்திருந்தது.

பிறகு சுகன்யாவுக்குப் போன் எடுத்துச் சொல். அவள் சொல்லவேண்டாம் என்றதை நான் உனக்குச் சொல்லிவிட்டேன். இனி நீ சொன்னாலும் அது நீயாகச் சொன்னதாகாது. அந்த வாய்ப்பை நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை ஒன்றும் தெரியாமல் போய் மணவறையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. ஆகவே தலையையும் சொல், என் கையையும் சொல். அம்மா எழுதியபிறகுதான் சொல்லத் துணிவு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல். அவள் கோபிப்பாள். போனை வைத்தாலும் வைப்பாள். திரும்ப எடு.

அம்மா